பால் சங்கத்துக்கு வெளியே நிற்பவருக்குத்தான் கட்டணமும் ஆய்வுமா?

தருமபுரி மாவட்டம், நல்லம்பள்ளி வட்டத்து இண்டூர் போன்ற மானாவாரிப் பகுதிகளில், நிலமற்ற குடும்பங்களுக்குக் கூலி கிடைக்காத மாதங்களில் கைகொடுப்பது கறவை மாடுதான். ஒன்றிரண்டு மாடுகளை நம்பியிருக்கும் தலித் குடும்பத்தை உணவுப் பாதுகாப்புச் சட்டம் எவ்வாறு நடத்துகிறது?

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறைக்கு வந்தது. நாளொன்றுக்கு 500 லிட்டர் வரை பால் கையாளும் சிறு வணிகர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்றன அதன் உரிம விதிமுறைகள். ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய். தொகை சிறிதுதான், சிக்கல் விதிவிலக்கில் இருக்கிறது. கூட்டுறவுப் பால் சங்கத்தில் உறுப்பினராகி, விற்கும் பால் முழுவதையும் அங்கேயே ஊற்றுபவருக்குப் பதிவு தேவையில்லை.

அந்த உறுப்பினர் தகுதி யாருக்குக் கிடைக்கிறது? கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுக்தேவ் தோரட் உள்ளிட்டோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்ந்து 2006இல் நூலாக வெளியிட்டனர். பால் கூட்டுறவு பற்றிய விவரம் கிடைத்த கிராமங்களில் ஏறத்தாழ பாதியில், தலித்துகள் சங்கத்துக்குப் பால் விற்க முடியவில்லை என்கிறது அது. அவ்வாறு தடுக்கப்பட்டவர் தேநீர்க் கடைக்கோ வீடுகளுக்கோ விற்கிறார். விற்றதும் பதிவு, கட்டணம், ஆய்வு, அபராதம் அனைத்தும் அவரைச் சூழ்ந்துகொள்கின்றன. தீண்டாமையால் விலக்கப்பட்டவருக்கு விதிவிலக்கும் இல்லை.

சுகாதார நிபந்தனைகளும் இப்படித்தான். உணவு கையாளும் இடம் அசுத்தமான சூழலில் இருக்கக் கூடாது, தூய குடிநீர் வேண்டும் என்கிறது விதிமுறைகளின் நான்காம் அட்டவணை. சுகாதாரமற்ற முறையில் உணவைத் தயாரித்தால் 56ஆம் பிரிவின்படி ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஊர்க் கழிவுநீர் வடியும் பள்ளத்தில் காலனி அமைந்தது மாடு வளர்ப்பவரின் விருப்பத்தாலா? நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால் ஒகேனக்கல்லிலிருந்து குடிநீர் கொண்டுவர வேண்டியிருந்த மாவட்டம் இது.

உண்மையான நஞ்சு வேறிடத்தில் இருக்கிறது. 2019இல் வெளியான தேசியப் பால் ஆய்வில், 6,432 மாதிரிகளில் 5.7 விழுக்காட்டில் அஃப்லாடாக்சின் எம்1 வரம்பை மீறியிருந்தது. இதில் முன்னணியில் நின்றவை தமிழ்நாடு, தில்லி, கேரளம். அது வருவது பூஞ்சை பிடித்த தீவனத்திலிருந்து. தொழுவத்தைக் கழுவினால் அது போகாது. தீவன மூட்டையை விற்பவரிடம் தொடங்க வேண்டிய ஆய்வு, மாட்டுக்காரரிடம் தொடங்குகிறது.

2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியுள்ளது. பாலின் தரத்தை ஆராயும் அரசு, ஒவ்வொரு பால் சங்கத்திலும் பட்டியலின உறுப்பினர் எத்தனை பேர், விண்ணப்பித்து மறுக்கப்பட்டோர் எத்தனை பேர் என்பதையும் ஆராய்ந்து வெளியிட வேண்டும். அதுவரை, சங்கத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட தலித் உற்பத்தியாளர்களிடம் பதிவுக் கட்டணம் வசூலிக்கக் கூடாது.