காற்றுக்கு வழிவிடாத மின்வலை



உடன்குடிக் கருப்பட்டியை அறிவீர்கள். அவ்வூரை அடுத்த செந்நிறத் தேரிமணல் மேடுகளையும் அறிவீர்கள். அம்மேடுகளைக் குவித்தது மாந்தர் கையன்று. மேற்கிலிருந்து வீசும் கோடைக்காற்று! அக்காற்றால் மின்னாற்றல் ஆக்கலாமென்று முதலில் காட்டிய இடங்களுள் ஒன்றும் இக்கரையே. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் நிறுவப்பெற்றன. இன்று தமிழகக் காற்றாலைகளின் திறன் 10,000 மெகாவாட்டைக் கடந்து நிற்கின்றது.

பயன் என்ன? 2012-இல் நம் ஊர்கள் நாளில் பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேலும் இருளில் கிடந்தன. அக்காலத்திலேயே, காற்று மிக்க இரவுகளில் காற்றாலைகளை நிறுத்துமாறு ஆணை பிறந்தது! ஊர் நீரின்றி வாட, நிறைந்த ஏரியின் மதகை அடைத்த கதை இது. இதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘பேக்டவுன்’; தமிழிற் சொன்னால் வீணடித்தல். ஆங்கிலப் பூச்சில் நாணம் மறைகின்றது போலும்! மின்னை ஏற்றுச் செல்லப் போதிய கம்பித்தடம் இல்லை. மிஞ்சியதை வெளியே அனுப்பவும் வழியில்லை. தென்னக மின்வலை வடபுல மின்வலையோடு ஒருமித்து இணைந்ததே 2013 திசம்பர் 31-இல்தான். கயத்தாறு, கானார்பட்டி, தப்பகுண்டு ஆகிய இடங்களில் 400 கிலோவோல்ட்டுத் துணைமின் நிலையங்கள், ஆலைகள் எழுந்து நெடுங்காலம் சென்றபின்னரே வந்தன.

காற்று நிலையற்றது என்பர். மெய்தான், வைகாசியில் எழுந்து புரட்டாசியில் ஓயும், ஒரே நாளிலும் ஏறியிறங்கும். மின்வலையிலோ ஆக்கமும் செலவும் நொடிதோறும் ஒத்திருத்தல் வேண்டும். ஆகவே, காற்று ஏறுங்கால் பிறிதொன்று இறங்கியாக வேண்டும். எது இறங்குவது? உடன்குடி அனல்மின் நிலையத்தின் திறன், 660 மெகாவாட்டு அலகுகள் இரண்டு, ஆக 1320. நடுவண் மின்னாணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிப்படி, இத்தகைய நிலையங்கள் 55 விழுக்காடு வரை இறங்கவல்லனவாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இறங்கினாலும் ஈரலகும் ஓடும்வரை 726 மெகாவாட்டு வந்துகொண்டேயிருக்கும். கப்பலேறி வரும் கரி அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ள, வாயிலில் வந்து நிற்கும் காற்று வறிதே திரும்புவதா?

மிஞ்சும் மின்னால் நீரை மேலேற்றி, வேண்டும்போது இறக்கி மின்னாக்கும் 400 மெகாவாட்டுக் கடம்பாறை நிலையம் 1987-இலேயே இயங்கத் தொடங்கிவிட்டது. அடுத்ததான 500 மெகாவாட்டுக் குந்தாத் திட்டமோ ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. வழி தெரியாமையன்று, மனமின்மையே.

ஆனி, ஆடித் திங்கள்களில் உடன்குடியின் ஓரலகை நிறுத்திப் பழுதுபார்ப்பதை எழுத்துவழி நெறியாக்குக! எத்தனை காற்றாலைகளை எத்தனை மணிநேரம் நிறுத்தினர் என்னும் கணக்கை மாதந்தோறும் தமிழில் வெளியிடுக! மின்துறையார் விடை கூறட்டும்.