எல்லை அலாரம் போதும், எக்கோ பக்கம் வாங்க

ஒவ்வொரு வருஷமும் ஜீரோத் ரிவ்யூ நடக்குற வாரத்துல நம்ம டிபார்ட்மென்ட் காரிடார்ல ஒரு தலைப்பு கண்டிப்பா காதுல விழும்: கடல் எல்லையைத் தாண்டும் மீனவர்களுக்கான எச்சரிக்கைக் கருவி. ஒரு ஆர்டுயினோ, ஒரு நியோ-6எம் ஜிபிஎஸ் மாட்யூல், ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், ஒரு எல்சிடி, ஒரு பஸ்ஸர். எல்லைக்குப் பக்கத்துல போனா பஸ்ஸர் கத்தும், கரைக்கு எஸ்எம்எஸ் போகும். நடுக்கடல்ல டவர் ஏதுன்னு எந்த எக்ஸ்டர்னலும் கேட்டு நான் பார்த்ததில்ல. நானும் மூணாம் வருஷ மினி புராஜெக்டுக்கு இதைத்தான் செஞ்சேன், அதனால கிண்டல் பண்ற உரிமை எனக்கு இருக்கு.

அந்தக் கருவியை எடுத்துக்கிட்டு திரேஸ்புரத்துக்குப் போனேன். மாமாவோட வள்ளம் அங்கதான் நிக்குது. ஃபைபர் வள்ளம், விடியறதுக்கு முன்னாடி போய் மத்தியானத்துக்குள்ள திரும்புற தொழில். பஸ்ஸரை அடிச்சுக் காட்டினேன். மரியாதையா கேட்டுட்டு, "நல்லாத்தான் இருக்கு மருமவனே. இதுல எத்தன பாகம் தண்ணின்னு தெரியுமா?" அப்படின்னார். எனக்கு பாகம்னா என்னன்னே தெரியாது. இங்கிலீஷ் மீடியத்துல ஃபேதம்னு படிச்சது அதுதான்னு வீட்டுக்கு வந்து தேடித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு பாகம் கிட்டத்தட்ட 1.8 மீட்டர், ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம்.

மன்னார் வளைகுடால எல்லைக்கோடு 1976 மார்ச்ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துல இருந்து வருது. அந்த ஒப்பந்தத்துலயே அட்சரேகை, தீர்க்கரேகையோட புள்ளிகள் வரிசையா இருக்கு. எந்த ஜிபிஎஸ் செட்லயும் கால் மணி நேரத்துல அதை ஏத்திடலாம். மாமாவோட வள்ளம் அன்றாடம் போற தூரத்துக்கு அந்தக் கோடு எட்டவே எட்டாது. 2024 ஆகஸ்ட்ல நம்ம மாவட்டத்து தருவைக்குளம் மீனவர்கள் 22 பேரை இலங்கைக் கடற்படை கைது பண்ணுச்சு, அது உண்மை, அந்த வீடுகள் பட்ட பாடும் உண்மை. ஆனா தங்குகடல் போற படகு இன்னைக்கு ஜிபிஎஸ் இல்லாம கிளம்புறது அபூர்வம். கோடு எங்க இருக்குன்னு தெரியாததுதான் பிரச்சனைன்னு நம்ம அப்ஸ்ட்ராக்ட் எழுதுறது, அந்த ஆளுங்களை ஒண்ணும் தெரியாதவங்கன்னு சொல்ற மாதிரிதான் இருக்கு.

மாமா என்கிட்ட கேட்ட உதவி வேற. "நாப்பதாயிரத்துக்குள்ள ஒரு எக்கோ வாங்கணும், எதை வாங்கன்னு சொல்லு." கரையில எக்கோன்னா ஜிபிஎஸ்ஸோட சேர்ந்த ஃபிஷ் ஃபைண்டர். நாலு வருஷம் சிக்னல் பிராசஸிங்கும் ஆன்டெனாவும் படிச்சவனுக்கு இது அஞ்சு நிமிஷக் கேள்வின்னு நினைச்சேன். ரெண்டு மாசம் ஆச்சு.

மொதல்ல கடைக்குப் போனோம். கடைக்காரர் பெரிய ஸ்கிரீனைக் காட்டி, "ஆயிரம் அடிக்கு மேல பாக்கும் சார்"ன்னார். மாமா என் காதுல, "ஆயிரம் அடிக்கு நம்ம போறதே இல்லையேல" அப்படின்னார். சரியான கேள்வி. அவர் தூண்டில் போடறது எட்டுல இருந்து இருபது பாகத்துக்குள்ள. இருபது பாகம்னா 36 மீட்டர். ஆயிரம் அடிங்கிறது 300 மீட்டருக்கும் மேல. அட்டைப்பெட்டில போட்டிருக்குற ஆழத்தையும் கவனிச்சுப் படிக்கணும். பல செட்ல நல்ல தண்ணிக்கு ஒரு கணக்கு, உப்புத் தண்ணிக்கு அதுல பாதிக்கும் குறைவான இன்னொரு கணக்கு. உப்புத்தண்ணி ஒலியை அதிகமா தின்னுடும், அதுலயும் உயர் அலைவரிசையை இன்னும் அதிகமா. வாட்ஸ் கணக்கும் இப்படித்தான். பீக்-டு-பீக்ல 4000 வாட்ஸ்னு பெருசா போட்டிருந்தா அது ஆர்எம்எஸ்ல 500. நம்ம கரைக்கடலுக்கு அந்த 500 தாராளம். ஒரு கிலோவாட் செட்டுக்குக் காசு கொடுக்கறது, திரேஸ்புரத்துல இருந்து முயல்தீவுக்குப் போக கப்பல் எஞ்சின் வாங்கற மாதிரி.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் கோன் ஆங்கிள். ட்ரான்ஸ்டியூசர் கீழ அனுப்புற ஒலி ஒரு கூம்பா விரியுது. 200 கிலோஹெர்ட்ஸ்ல கூம்பு குறுகல், ஒரு 20 டிகிரின்னு வெச்சுக்கோங்க. பத்து பாகம் தண்ணில அது அடியில பார்க்குற வட்டம் ஆறு மீட்டர் சொச்சம். 80 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறங்கினா 45 டிகிரி வரைக்கும் விரியும், வட்டம் 15 மீட்டர். அப்போ ஸ்கிரீன்ல மீன் தெரிஞ்சா அது வள்ளத்துக்கு நேர் கீழ இருக்குன்னு அர்த்தம் இல்ல, ஏழு மீட்டர் தள்ளிக்கூட இருக்கலாம். குறுகின கூம்பு அடித்தரையைத் தெளிவா காட்டும், விரிஞ்ச கூம்பு அதிக இடத்தைத் தேடும். அதனால ரெண்டு அலைவரிசையும் இருக்குற செட்டா வாங்கணும்கிறது என் கட்சி. இதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது.

ஸ்கிரீன்ல வர்ற குட்டி மீன் பொம்மையை மொதல் நாளே ஆஃப் பண்ணிடுங்க. அது செட் போடற ஊகம்தான். குமிழியையும் மீன்னு காட்டும். ஒலியைத் திருப்பி அடிக்கிறது பெரும்பாலும் மீனோட உடம்புக்குள்ள இருக்குற காற்றுப்பை. சூரைக்கும் சுறாவுக்கும் அந்தப் பையே கிடையாது, அதனால எதிரொலி மங்கலாத்தான் வரும். விளமீனுக்கு உண்டு, நல்லா தெரியும். ஸ்கிரீன் காலியா இருக்குன்னு கடல் காலின்னு முடிவு பண்ணக் கூடாது. மாமாவுக்கு இதை விளக்கினேன். "அதான் மேல பறவை அடிக்குதான்னு பாக்கோம்ல" அப்படின்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

உண்மையில அவருக்கு மீனைக் காட்டுற கருவியே தேவை இல்ல, தரையைக் காட்டினா போதும். நம்ம கரை முழுக்க பார்தான். முத்துக்குளிச்ச காலத்துல பேர் வெச்ச பார்கள், தோலாயிரம் பார் மாதிரி. தூத்துக்குடில கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961ல. அதுக்கப்புறம் குளிக்கிற அளவுக்குச் சிப்பி சேரவே இல்ல. சிப்பி போனாலும் பார் அங்கயேதான் இருக்கு, கல் இருக்குற இடத்துல மீன் அண்டும். எக்கோல கெட்டித் தரைன்னா கோடு தடிச்சு வரும், அதுக்குக் கீழ ரெண்டு மடங்கு ஆழத்துல இன்னொரு கோடு விழும். ஒலி தரைக்கும் மேல்மட்டத்துக்கும் நடுவுல ரெண்டு தடவை போய் வந்ததோட அடையாளம் அது. சேறுன்னா அந்த ரெண்டாவது கோடு வராது. இதைப் பார்க்கத் தெரிஞ்சா வலை கல்லுல மாட்டிக் கிழியறதுல பாதியைத் தவிர்க்கலாம். ஒரு நண்டு வலை கிழிஞ்சா என்ன செலவுன்னு அந்த வீட்டுல கேட்டுப் பாருங்க.

அந்தப் பாரை மறுபடி கண்டுபிடிக்கத்தான் ஜிபிஎஸ். முன்னாடி இதைக் கரையைப் பார்த்தே செஞ்சிருக்காங்க. பனிமய மாதா கோவில் கோபுரம் ஒரு கட்டடத்துக்கு நேர் வரணும், இன்னொரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி முயல்தீவுல ஒரு அடையாளத்தோட சேரணும். ரெண்டு கோடும் வெட்டுற இடத்துல நங்கூரம். சிவில் பசங்க சர்வே லேப்ல வியர்த்து விறுவிறுத்துப் போடற கணக்கை இவங்க ஆடுற வள்ளத்துல நின்னுக்கிட்டு கண்ணாலயே போட்டிருக்காங்க. மூட்டம் போட்டா மட்டும் ஒண்ணும் தெரியாது.

இந்த இடத்துலதான் நான் கோட்டை விட்டேன். மாமாவோட பழைய ஜிபிஎஸ் செட் சாகறதுக்கு முன்னாடி, அதுல இருந்த புள்ளிகளை அத்தை ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தாங்க. அம்பதுக்கும் மேல. புது செட்ல நான்தான் ஏத்தினேன். நோட்டுல 08 48.350ன்னு இருக்கும். 48 நிமிஷம், அதுக்கு மேல ஆயிரத்துல 350 பங்கு நிமிஷம். புது செட் டிகிரி, நிமிஷம், நொடின்னு கேட்டுது. நான் யோசிக்காம 08, 48, 35ன்னு தட்டினேன். 0.350 நிமிஷம்னா 21 நொடி. நான் போட்டது 35. பதினாலு நொடி வித்தியாசம், ஒரு நொடிக்கு 31 மீட்டர்னா 430 மீட்டர் தள்ளிப் போச்சு. அது வடக்கு தெற்குல மட்டும். கிழக்கு மேற்குலயும் அதே தப்பு. ரெண்டு நாள் டீசலைக் கொட்டிட்டு மாமா சேத்துல தூண்டில் போட்டுட்டு வந்தார். மூணாவது நாள் கரையடையாளத்தை வெச்சே பாரைப் பிடிச்சுட்டு, "செட்டு பொய் சொல்லுதுல" அப்படின்னார். செட் பொய் சொல்லல மாமா, நான்தான்னு சொல்ல எனக்கு ஒரு ராத்திரி ஆச்சு.

செட்டிங்ஸ்ல ஃபார்மேட்டை மாத்தற ஒரு வரி இருக்கு. அது இங்கிலீஷ்ல இருக்கு. நாங்க பார்த்த எந்த செட்லயும் தமிழ் மெனு இல்ல. உலகத்துல மொதல்ல விற்பனைக்கு வந்த மீன் காட்டும் கருவியை ஜப்பான்ல ஃபுருனோ 1948ல நாகசாகில செஞ்சாங்க. ஜப்பான் மீனவருக்கு ஜப்பான்காரங்க செஞ்ச கருவி அது. இங்க கடையில விக்கிறவருக்கும் வாங்கறவருக்கும் நடுவுல அந்த மெனுவைப் படிச்சுச் சொல்ல ஆள் இல்ல.

மாட்டறதும் ஒரு தலைவலி. ட்ரான்ஸ்டியூசரைப் பின்பக்கம் வெளியில மாட்டினா மணப்பாடு, பெரியதாழை மாதிரி மணல்ல இழுத்து ஏத்துற ஊர்ல அது ஒரு வாரம்கூடத் தாங்காது. உள்ளுக்குள்ள ஒட்டினா ஒலி கெட்டி ஃபைபரைத் தாண்டும், ஆனா நடுவுல ஃபோமோ பலகையோ இருந்தா செத்துடும். புரொப்பெல்லர் குமிழி பட்டா ஸ்கிரீன் முழுக்க மழை. கடைசில நாங்க ஒரு ஜிஐ பைப்புல மாட்டி, பக்கவாட்டுல கிளாம்ப் போட்டு, தேவைப்படும்போது இறக்குற மாதிரி வெச்சோம். அசிங்கமா இருக்கு, வேலை செய்யுது. ஸ்கிரீன் அஞ்சு இஞ்ச். பெரும்பாலும் ஒரு ஆம்பியருக்குள்ள முடிஞ்சுடும், 12 வோல்ட் பேட்டரி தாங்கும். வெயில்ல தெரியுதான்னு கடைக்குள்ள ட்யூப் லைட்டுக்குக் கீழ பார்க்காதீங்க, நடுமத்தியானம் ரோட்டுக்குக் கொண்டு வந்து பாருங்க. கடைக்காரர் முறைப்பார், பரவாயில்ல.

இதுக்கு எதிர்க்கேள்வி ஒண்ணு இருக்கு, அதை நான் ஒதுக்க மாட்டேன். கரையடையாளம் பார்க்கக் கத்துக்க வருஷக்கணக்குல ஆகும், அதனால பார் ரகசியமா இருந்துது. இப்போ பின்னாடியே வந்து ஒரு பட்டனை அமுக்கினா அடுத்தவனோட பார் என் செட்ல. எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சா பாருக்கு ஓய்வே கிடைக்காது. மாமாவே இதைச் சொல்லித்தான் புலம்புறார். அதுக்காக சின்ன வள்ளக்காரங்க மட்டும் இது இல்லாம இருக்கணும்னு சொல்றதை என்னால ஒத்துக்க முடியல. பெரிய விசைப்படகுல இருக்குற கருவியைப் பார்த்தா இந்த அஞ்சு இஞ்ச் விளையாட்டுச் சாமான்.

இந்த வருஷம் ரிவ்யூவுக்குப் போற ஜூனியர்களுக்கு என்கிட்ட மூணு தலைப்பு இருக்கு, இலவசம். மணல்ல ஏறினாலும் உடையாத, தானா மடங்குற ட்ரான்ஸ்டியூசர் மவுன்ட்: மெக்கானிக்கல். பழைய செட், நோட்டு, போன் எதுல இருந்தாலும் புள்ளிகளை ஃபார்மேட் பிசகாம மாத்தி, அந்தக் குடும்பத்தைத் தவிர வேற யாரும் பார்க்க முடியாம பத்திரப்படுத்துற ஆப்: சிஎஸ்சி. எக்கோ மெனுவுக்கு வரி வரியா தமிழ்ல ஒரு பக்க அட்டை, ஆழத்தை பாகத்துல வெக்கறது எப்படின்னும் சேர்த்து, உப்புத்தண்ணி பட்டாலும் கிழியாத லேமினேஷன்ல: இதுக்கு டிபார்ட்மென்டே வேண்டாம், ஒரு சனிக்கிழமை போதும்.

மூணாவதை நானே ஆரம்பிச்சுட்டேன். "கெயின்"க்கு என்ன தமிழ்னு மாமாகிட்ட கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் திருகிப் பார்த்துட்டு, "காது"ன்னு போடுன்னார். கூட்டினா செட்டுக்குக் காது கூர்மையாகுதாம், ரொம்பக் கூட்டினா கண்டதும் கேக்குதாம். அப்படியே போட்டிருக்கேன்.