காலியான படுக்கைகள் தரும் நம்பிக்கை

மே மாதத்தில் எங்கள் மருத்துவமனை வாயிலில் ஆம்புலன்சுகள் ஆக்சிஜன் படுக்கைக்காக வரிசையில் காத்திருந்தன. இன்று அந்த வரிசை இல்லை.

தமிழ்நாட்டில் 2021 மே 21 அன்று 36 ஆயிரத்தைக் கடந்த ஒருநாள் கொரோனா தொற்று, ஜூன் இறுதியில் 5 ஆயிரத்துக்கும் கீழே இறங்கியுள்ளது. பரிசோதனைகள் குறைந்தாலும் இந்த எண்ணிக்கை குறைந்து தோன்றக்கூடும். ஆகவே நாங்கள் பெரிதும் நம்புவது காலியாகிவரும் ஆக்சிஜன் படுக்கைகளையே. மூச்சுத்திணறலுடன் வருவோர் உண்மையாகவே குறைந்துள்ளனர். உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு இந்த ஆறுதல் காலம் கடந்து வந்தது என்பதையும் அறிவோம்.

இந்த நற்குறியை முகக்கவசத்தைக் கழற்றுவதற்கான அனுமதியாகக் கொள்ளலாகாது என்பதே எங்கள் கருத்து. முதல் அலை தணிந்தபோது, மருத்துவர்களாகிய நாங்கள் உட்பட, பலரும் எல்லாம் முடிந்தது என்றே எண்ணினோம். இம்முறை கிடைத்துள்ள இடைவெளியைப் பயனுள்ளதாக்குவோம். அச்சத்தால் தள்ளிவைத்த சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைகளுக்கு வாருங்கள். இடையில் நின்ற புற்றுநோய் சிகிச்சையைத் தொடருங்கள். வீட்டுப் பெரியவர்களை உடன் அழைத்துச் சென்று, தடுப்பூசியின் இரண்டாம் தவணையை உரிய நாளில் செலுத்திக்கொள்ளுங்கள்.