வீடுபுகு திகில் படங்களில் மாற்றுத்திறனாளர்: பெருமிதமா, மருட்கையா?

முன்னுரை

பிறர் வீட்டினுள் அத்துமீறிப் புகுந்து, அங்குத் தனித்திருப்பவரை அச்சுறுத்தும் கதையமைப்பு மேலைத் திரைப்படங்களில் தனியொரு வகையாக வளர்ந்துள்ளது. இதனை 'வீடுபுகு திகில் படம்' எனலாம். பார்வையற்றவரையோ கேட்கும் திறனற்றவரையோ முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட படங்கள் இவ்வகையின் ஒரு கிளையாகும். 'வெய்ட் அன்டில் டார்க்' (1967), 'ஹஷ்' (2016), 'டோன்ட் பிரீத்' (2016), 'சீ ஃபார் மீ' (2021) ஆகியன இதற்குத் தக்க சான்றுகள். நெடுங்காலம் இரக்கத்திற்குரியவராகவே காட்டப்பட்ட மாற்றுத்திறனாளரை வெற்றி பெறுபவராகக் காட்டியமைக்காக இப்படங்கள் பாராட்டப்பெறுகின்றன. அப்பாராட்டு பெரும்பகுதியும் தகுதியற்றது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

அச்சத்தின் நிலைக்களன்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கனைக் கூறும். வீடுபுகு திகில் படங்களில் அச்சம் கள்வரால் பிறக்க வேண்டும். ஆனால், மேற்சுட்டிய படங்களில் நிகழ்வது வேறு. 'வெய்ட் அன்டில் டார்க்' படத்தில் பார்வையிழந்த சூசி தன் வீட்டுக்குள் வருகிறாள். புகுந்தவர்கள் அசையாமல் நிற்கிறார்கள். அவர்களைப் பார்வையாளர் காண்கின்றனர், அவள் காண்பதில்லை. 'ஹஷ்' படத்தில் அண்டை வீட்டுப் பெண் கண்ணாடிக் கதவைத் தட்டித் தட்டி உயிர் விடுகிறாள். உள்ளே நிற்கும் மேடிக்கு அது கேட்பதில்லை. இரண்டிடத்தும் பார்வையாளரை நடுங்கச் செய்வது கொலைஞனின் கத்தி மட்டுமன்று. அவள் அறியாததைத் தாம் அறிந்திருக்கிறோம் என்னும் நிலையே ஆகும். எனவே கள்வர் இருந்த இடத்தில் உடற்குறை வைக்கப்படுகிறது. இது முதற்பிழை.

இருளும் வணிகமும்

பிரெடெரிக் நாட்டின் நாடகத்தைத் தழுவி டெரன்ஸ் யங் இயக்கிய 'வெய்ட் அன்டில் டார்க்' படத்தின் இறுதிக் கட்டத்தில், சூசி விளக்குகளை உடைத்து எதிரியைத் தன் நிலைக்கு இறக்குகிறாள். அக்கட்டத்தில் திரையரங்க விளக்குகளும் சட்டம் இசையும் அளவுக்கு மங்கச் செய்யப்படும் என விளம்பரம் செய்யப்பட்டது. பார்வையின்மை என்பது பார்வையுள்ளோர் சில நிமிடங்கள் நுகர்ந்து கடக்கும் சிலிர்ப்பாக விற்கப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஆயினும் அப்படத்தின் உண்மையான வலிமை இருளில் இல்லை. வெவ்வேறு ஆட்களாக வந்த இருவரின் காலணி ஓசை ஒன்றாயிருப்பதும், வந்தவர்கள் சன்னல் மறைப்பை அடிக்கடி திறந்து மூடுவதும் சூசியின் ஐயத்தைத் தூண்டுகின்றன. அவள் ஒப்பிட்டு ஆராய்கிறாள். அண்டை வீட்டுச் சிறுமியின் துணையை நாடுகிறாள். இது பயிற்சியாலும் அறிவாலும் விளைந்தது. கல்வி, தறுகண், இசைமை, கொடை ஆகியவற்றால் பெருமிதம் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல் கருத்து. அவ்வகையில் சூசியின் ஆராய்ச்சி பெருமிதத்திற்குரியது. ஆனால் படம் நினைவுகூரப்படுவது இருளுக்காகவே. புதுமை கண்டு வியப்பது மருட்கை, பெருமிதமன்று.

மைக் ஃபிளானகன் இயக்கிய 'ஹஷ்' படத்துக்கும் இது பொருந்தும். மேடி எழுத்தாளர். தப்பும் வழிகளைக் கதை முடிவுகளைப் போல் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துத் தள்ளுகிறாள். அவளுக்காகவே பொருத்தப்பட்ட, பேரொலியும் ஒளியும் எழுப்பும் புகை எச்சரிக்கைக் கருவியைக் கொண்டு எதிரியை நிலைகுலையச் செய்கிறாள். அவளைக் காத்தது தொழிலறிவும், அவள் தேவைக்கேற்ப அமைந்த வீடும் ஆகும். இதனைக் 'குறையே வலிமையானது' என விளக்குவது அவள் அறிவை அவளிடமிருந்து பறிப்பதாகும். அப்பாத்திரத்தில் நடித்த கேட் சீகல் கேட்கும் திறனுள்ளவர் என்பதும் இங்குக் கருதத்தக்கது.

மருட்கையின் மறுமுகம்

ஃபெடே ஆல்வரெஸ் இயக்கிய 'டோன்ட் பிரீத்' மருட்கை எங்குச் சென்று முடியும் என்பதைக் காட்டுகிறது. டெட்ராய்ட் நகரில் தனித்து வாழும் பார்வையற்ற முன்னாள் படைவீரர் வீட்டில் மூன்று இளைஞர் திருடப் புகுகின்றனர். மூச்சொலியையும் கேட்டறியும் செவி அவருக்குத் தரப்படுகிறது; பின்னர் அவரே ஒரு பெண்ணை நிலவறையில் அடைத்து வைத்த கொடியவராகிறார். மிகைத்திறன் கொடுத்த கையே மனிதத்தன்மையைப் பறித்துக் கொள்கிறது. தமிழிலும் இம்மனப்பாங்கு உண்டு. 'பிளைண்ட்' (2011) என்னும் கொரியப் படத்தைத் தழுவி நயன்தாரா பார்வையிழந்தவராக நடித்து வெளிவந்த படத்திற்கு 'நெற்றிக்கண்' (2021) எனப் பெயரிடப்பட்டது. இரு கண் இழந்தவளுக்குத் தெய்வத்தின் மூன்றாம் கண் தந்தாலன்றித் தலைப்பும் அமைதி கொள்வதில்லை.

எதிர்வாதமும் மறுப்பும்

திகில் படங்களில் மிகைப்படுத்தல் இயல்பே, எல்லா நாயகரும் மிகைத்திறன் உடையோரே எனக் கூறப்படலாம். பார்வையுள்ள நாயகன் பத்துப் பேரை வீழ்த்துவதைக் கண்டு, பார்வையுள்ளோர் அனைவரும் அவ்வாறே என எவரும் நம்புவதில்லை. மாற்றுத்திறனாளர் திரையில் அரிதாகவே தோன்றுவதால் ஒருவரே அனைவர்க்கும் அளவுகோலாகி விடுகிறார். 'ஆங்க் மிச்சோலி' என்னும் இந்திப் படம் தொடர்பான வழக்கில் 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் இதனையே சுட்டியது. மாற்றுத்திறனாளரை எள்ளி நகையாடுவதும் தவறு. வியத்தகு வீரராக்குவதும் தவறு. பார்வையற்றோர்க்குப் பிற புலன்கள் கூர்மையானவை என்னும் கருத்து, அத்தகு கூர்மை இல்லாதவரைக் குறையுடையவராக்குகிறது என்பது நீதிமன்றத்தின் விளக்கம். சாதாரணச் செவியுடைய பார்வையற்ற ஆசிரியரோ எழுத்தரோ இத்திரையின் முன் இருமுறை தோற்கிறார்.

மாற்றுவழி இல்லாமலில்லை. ராண்டல் ஒகிட்டா இயக்கிய 'சீ ஃபார் மீ' படத்தில் சோஃபியாக நடித்த ஸ்கைலர் டேவன்போர்ட் பார்வைக் குறைபாடு உடையவர். சோஃபி கைப்பேசி வழியே மற்றொரு பெண்ணின் வழிகாட்டலைக் கேட்டு நடக்கிறாள். தான் காவல் இருக்கும் வீடுகளில் மதுப்புட்டிகளைத் திருடுகிறாள். புகுந்தவர்களிடம் பேரமும் பேசுகிறாள். உதவி பெறுவதும் தவறு செய்வதும் அவளுக்கு மறுக்கப்படவில்லை. குறைகள் பல இருப்பினும் அப்படம் அவளை மனிதப் பிறவியாக நடத்துகிறது.

முடிவுரை

இரக்கத்திலிருந்து வியப்புக்கு மாறியதை வளர்ச்சி எனக் கொள்ளல் இயலாது. இரண்டும் மாற்றுத்திறனாளரைத் தொலைவில் நிறுத்தியே நோக்குகின்றன. கொலைஞன் கதவைத் தட்டும் வரை அவர் வாழ்வில் காணத்தக்கது எதுவும் இல்லையெனக் கருதும் படம், இறுதியில் அவரை வெல்லச் செய்வதனால் பெருமை பெறாது. விளக்கெரியும் வீட்டில், எவரும் புகாத ஒரு நாளில், அவர் செய்யும் தொழிலையும் கொள்ளும் உறவையும் காட்டும் பொறுமை அப்படத்திற்கு உண்டா என்பதையே திறனாய்வாளர் முதலில் வினவுதல் வேண்டும்.