எந்தத் துப்பாக்கி?

ஒட்டன்சத்திரம் டீக்கடைகளில் தக்காளி விலைக்கு அடுத்த டாபிக் காட்டுப்பன்றி. பழனி மலையிலிருந்து ராத்திரி இறங்கி மக்காச்சோளத்தை ஒரு கை பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. "பெரிய துப்பாக்கியா வாங்கிப் போட்டுத் தள்ளணும் சார்!" என்கிறார்கள்.

பெரிசு எதற்கு? 1907-ல் சம்பாவத் புலியைக் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைஃபிள் வெறும் .275, அதாவது 7 மி.மீ. குண்டு. ஆப்பிரிக்கச் சமவெளியில் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் இன்றைக்கும் அந்தத் தோட்டாவே போதும் என்பார்கள். பெரிய துப்பாக்கி தோளை உதைக்கும். உதைக்குப் பயந்தவன் கண்ணை மூடிக்கொண்டு சுடுவான். குறி தப்பும்; மிருகம் காயத்தோடு ஓடும்.

சம்பாவத் புலியும் காயம்பட்டு ஓடியதுதான். எப்போதோ யாரோ சுட்டதில் கோரைப்பற்கள் உடைந்து, மானை விட்டு மனிதனுக்கு மாறியது. கார்பெட் கணக்குப்படி பலி 436.

இங்கே 1972 சட்டப்படி நாம் வேட்டையாட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டி வரும் பன்றியைச் சுடலாம். சுடுவது வனத்துறை, நாமல்ல. பன்றிக்கு மைல்கல் படிக்கத் தெரியாது என்பதுதான் சிக்கல்.

அதுவரை தோட்டத்துக்குச் சிபாரிசு: டார்ச் ஒன்று, தகர டப்பா ஒன்று. உதைக்காது.