சுவரில் ஓர் ஆணி அடிக்க இடம் கொடுங்கள்

ஆயுத பூஜை வந்து விட்டால் நம் ஆபீசுகளில் ஒருவரைத் தேடுவார்கள். படம் போடத் தெரிந்தவர். வாசலில் வண்ணக் கோலமா, அவர்தான். அட்டையில் சரஸ்வதியா, அவர்தான். யாராவது ரிடையர் ஆனால் வாழ்த்து மடலைச் சுற்றிப் பூவும் கொடியும் போடுகிறவரும் அவர்தான். கூலி, ஒரு கப் காபியும் ஒரு "பேஷ்" என்ற சொல்லும். மறுநாள் கோலத்தை மிதித்துக்கொண்டு எல்லோரும் வேலைக்குப் போய்விடுவோம்.

கர்நாடகத்தில் பிழைக்கிற தமிழர்களில் இப்படிப்பட்டவர்கள் கொஞ்சமல்ல. எனக்குத் தெரிந்த ஒருவர் கௌதள்ளியில் இருக்கிறார். கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் பாதையில் உள்ள ஊர். 1956 வரை கொள்ளேகால் தாலுகா கோவை ஜில்லாவில் இருந்தது. மாநிலங்களைப் பிரித்தபோது மைசூர் ராஜ்யத்துக்குப் போயிற்று. ஆகவே அங்குள்ள தமிழர்களில் பலர் ஊரை விட்டு வந்தவர்கள் அல்ல. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது. 1997-ல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனது. ஆனாலும் பெரிய காரியம் எதற்கும் அந்தப் பக்கத்தார் மைசூருக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள்.

நண்பருக்குக் கடையில் கணக்கு எழுதுகிற வேலை. இரவில் வாட்டர் கலர். மைசூரில் உள்ளூர் ஓவியர்களுக்காக நடக்கப் போகும் ஒரு சிறு கண்காட்சியில் அவருடைய நான்கு படங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. காரணம், பிரேம். நாலு படத்துக்குக் கண்ணாடி போட்டுப் பிரேம் கட்டுகிற காசில் பெண்ணுக்கு ஒரு டேர்ம் பீஸ் கட்டலாம் என்கிறார் வீட்டு அம்மாள். அவர் சொல்வதில் தப்பில்லை. "நமக்கெல்லாம் எதற்கு சார், வேண்டாம் என்று எழுதிவிடுகிறேன்" என்கிறார் நண்பர்.

எழுதக் கூடாது என்பது என் கட்சி.

"நமக்கு எதற்கு" என்ற சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாரிசில் ஹென்றி ரூசோ என்று ஒருவர் இருந்தார். 1844-ல் பிறந்தவர். ஊருக்குள் வரும் சரக்குக்கு வரி வசூலிக்கிற சாவடியில் சாதாரண குமாஸ்தா. ஓவியப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவரில்லை. தேர்வுக் குழு இல்லாமல் யாரும் படம் வைக்கலாம் என்று அங்கே ஒரு கண்காட்சி நடந்தது. 1886 முதல் அதில் படம் வைத்தார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் அடுத்த ஆண்டும் படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். 1908-ல் பிக்காசோ அவருக்கு விருந்து வைத்தார். இன்று அவர் படங்கள் உலகின் பெரிய மியூசியங்களில் தொங்குகின்றன.

அவ்வளவு தூரம் போவானேன்? மத்தியப் பிரதேசத்தில் பூரி பாய். ஜாபுவா பக்கத்துப் பில் இனப் பெண். பிழைப்புக்காகப் போபாலுக்கு வந்து, பாரத் பவன் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தபோது அங்கே சித்தாள் வேலை பார்த்தார். அந்த நிலையத்தின் ஓவியப் பகுதியை அமைக்க வந்தவர் ஜெ. சுவாமிநாதன். சிம்லாவில் பிறந்த தமிழர். வேலை செய்துகொண்டிருந்த பெண்களிடம், உங்கள் ஊர்ச் சுவரில் போடுகிற படத்தைக் காகிதத்தில் போடுங்கள் என்று கேட்டார். பூரி பாய் போட்டார். 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. கேட்பதற்கு ஒரு ஆள் இருந்ததை இதில் கவனிக்க வேண்டும். நம் கொத்தனார், சித்தாள் கூட்டத்தில் எத்தனை பேரிடம் யார் போய்க் கேட்டிருக்கிறோம்?

என்ன வரைவது?

காலண்டரைப் பார்த்து ஊட்டி ஏரியும் பனிமலையும் வரைவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். நண்பரின் நான்கு படங்களில் இரண்டு அந்த ஜாதி. மூன்றாவது, தலையில் மூட்டையுடன் மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிற சனங்கள். சேலம், தர்மபுரி பக்கமிருந்து வருகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வாசலில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அது கிடைக்கும். பனிமலை இரண்டையும் எடுத்துவிட்டு இதுபோல இன்னும் இரண்டு வரையச் சொல்லியிருக்கிறேன். (ரூசோ பார்த்தறியாத காடுகளைத்தானே வரைந்தார் என்று யாராவது கேட்பீர்கள். அவர் தாவரத் தோட்டத்தில் போய்ச் செடி செடியாகப் பார்த்து வரைந்தார். காலண்டரைப் பார்த்து அல்ல.)

மைசூருக்குப் போகிறவர்கள் ஜகன்மோகன் அரண்மனைச் சித்திரக் கூடத்தில் விளக்கேந்திய பெண்ணின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ரவி வர்மா வரைந்தது என்று நம்மில் பாதிப் பேர் சொல்வோம். இல்லை. எஸ்.எல். ஹல்தன்கர் 1940-களில் வரைந்த வாட்டர் கலர். விளக்குடன் நின்றது அவருடைய மகள். தீபாவளி விளக்கைக் காற்று அணைக்காமல் மகள் விரல்களால் மறைத்துப் பிடித்ததையும், விரல் இடுக்கெல்லாம் சிவந்து தெரிந்ததையும் வீட்டிலேயே பார்த்தார். அதைத்தான் வரைந்தார். அவர் தேர்ந்த ஆசிரியர், நாம் கற்றுக்குட்டிகள். அது வேறு விஷயம். படம் கிடைத்த இடம் வீடு.

இனி பிரேம். ஆடம்பரச் சட்டம் தேவையே இல்லை. ஆனால் சாமி படத்துக்குப் போடுவது போலக் கண்ணாடியைப் படத்தின் மேல் நேராக அழுத்தி வைக்கக் கூடாது. வாட்டர் கலர் மழைக்காலத்து ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். நடுவில் வெட்டிய அட்டை ஒன்றைச் சுற்றிலும் வைத்தால் இடைவெளி கிடைக்கும், பார்வைக்கும் நன்றாயிருக்கும். வீட்டில் காய்ச்சிய மைதாப் பசை வேண்டாம். பூச்சிக்கு அது விருந்து.

கையெழுத்து எந்த மொழியில் போடுவது என்றும் நண்பர் கேட்டார். இந்த ஊரில் இருக்கும் நமக்கு இது விளையாட்டுக் கேள்வி அல்ல. தமிழில் கையெழுத்துப் போடுகிறவர் தமிழிலேயே போடட்டும். படத்தின் கீழே ஒட்டுகிற சீட்டில் பெயரும் தலைப்பும் கன்னடத்தில் இருக்கட்டும். வந்து பார்க்கிறவர்கள் படிக்க வேண்டாமா? இதில் பயமும் இல்லை, வீம்பும் இல்லை.

விலை எழுதத்தான் நம்மவர்களுக்குக் கை வராது. 2017-ல் பீகாரில் மதுபனி ரயில் நிலையச் சுவர்களை உள்ளூர் ஓவியர்கள் ஏறத்தாழ 7,000 சதுர அடிக்கு வரைந்து நிரப்பினார்கள். சம்பளம் வாங்காமல் சிரமதானமாக. ஊரே பாராட்டியது. ரயில்வேக்காரனான எனக்கும் பெருமைதான். ஆனால் சாரம் கட்டினவனுக்குக் கூலி உண்டென்றால் படம் வரைந்தவருக்கும் உண்டு என்பதே நியாயம். பெயிண்ட், பேப்பர், பிரேம், பஸ் சார்ஜ் நான்கையும் கூட்டி, அதற்கு மேல் தன் ராத்திரிகளுக்கு ஒரு தொகை சேர்த்து எழுத வேண்டும். வாங்க ஆள் வராவிட்டால் போகிறது. இலவசமாகக் கேட்கிற கையாவது பின்வாங்கும். பெங்களூரில் சித்திரகலா பரிஷத் ஆண்டுதோறும் குமார கிருபா சாலையில் சித்திரச் சந்தை நடத்துகிறது. வெளி மாநிலத்துக்காரர்களும் நடைபாதையில் படத்தைச் சாய்த்து வைத்து விற்கிறார்கள். வெட்கப்பட்டவர் யாரும் இல்லை.

நம் சங்கங்களுக்கும் தொழிற்சங்க ஆபீசுகளுக்கும் ஒரு விண்ணப்பம். கல்யாணத்துக்கு அண்டா, குண்டான், ஜமக்காளம் வாங்கி வைத்து முறை வைத்துக் கொடுக்கிற சங்கங்கள் நம்மிடம் உண்டு. அதே போல ஒரே அளவில் இருபது பிரேம் வாங்கி வையுங்கள். கண்ணாடியோடு. கண்காட்சி வைக்கிறவர் எடுத்துப் போய், முடிந்ததும் திருப்பித் தரட்டும். ஒன்று உடைந்தால் அதற்கு மட்டும் பணம் கட்டட்டும். பட்டிமன்றம் நடக்காத வாரத்தில் ஹாலின் ஒரு பக்கச் சுவரையும் விட்டுக்கொடுங்கள்.

கௌதள்ளிக்காரருக்கு இந்தத் தடவை அது உதவாது, நாள் நெருங்கிவிட்டது. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து பிரேம் கடைக்காரரிடம் பாதிப் பணம் கட்டியிருக்கிறோம். மீதியைப் படம் விற்றதும் கொடுப்பதாகப் பேச்சு. விற்காவிட்டால் மூன்று தவணை.