உடல் நமது, கணக்கு எவருடையது?

நாடி பார்த்தல் நம்மவர்க்குப் புதிதன்று. மணிக்கட்டில் மூன்று விரல்களை ஊன்றி, குருதியின் நடையை உணர்ந்து, நோயின் தன்மையை எடுத்துரைத்த மருத்துவர்கள் இம் மண்ணில் வழிவழியாக வாழ்ந்துள்ளனர். அவர்கள் கண்டதை நோயாளியிடமே சொன்னார்கள். கண்ட கணக்கைத் தம் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு, “வேண்டுமானால் வாயிலில் நின்று கேள், திறக்க மனமிருந்தால் திறப்போம்” என்று அவர்களுள் எவரும் சொன்னதில்லை.

இற்றை நாளில், மருத்துவர் விரல் வைத்த அதே மணிக்கட்டில் பட்டை ஒன்று அமர்ந்திருக்கிறது. இரவும் பகலும் அது நாடி பார்க்கிறது. பார்த்ததில் ஒரு துளியைத் தன் சிறு திரையில் நமக்குக் காட்டிவிட்டு, முழுக் கணக்கையும் தன்னை விற்ற வணிகக் குழுமத்தின் கணினிக்கு அனுப்பிவிடுகிறது. உடல் நம்முடையது, நடந்த கால் நம்முடையது, துடித்த நெஞ்சம் நம்முடையது, பட்டையை வாங்கக் கொடுத்த பணமும் நம்முடையதே. ஆனால் கணக்கு மட்டும் எவருடையது? இவ் வினாவைத் தமிழ் மக்கள் இன்னும் எழுப்பவில்லை. எழுப்ப வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் இப் பட்டையின் செயலை அறிந்துகொள்வோம். அதன் அடிப்புறத்தில் பச்சை ஒளி சிமிட்டும் நுண்விளக்குகள் உள்ளன. குருதி பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மையது. நெஞ்சாங்குலை துடிக்குந்தோறும் மணிக்கட்டின் நுண்குழாய்களில் குருதி பெருகிக் குறைகிறது. அதற்கேற்ப மீண்டுவரும் ஒளி குறைந்து பெருகுகிறது. அவ் வேறுபாட்டை எண்ணித் துடிப்பைக் கணிக்கிறது பட்டை. மேல்கீழ், முன்பின், இடவலம் என மூவகை அசைவுகளையும் உணரும் மற்றோர் உறுப்பு காலடிகளை எண்ணுகிறது. இவற்றோடு நம் அகவை, உயரம், எடை ஆகியவற்றையும் கூட்டி, உடல் எரித்த ஆற்றல் இவ்வளவு, ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு என்று குழுமத்தார் மதிப்பிட்டுச் சொல்கின்றனர். முன்னவை அளவைகளை ஒட்டியவை, பின்னவை மதிப்பீடுகள். இரண்டையும் ஒரே திரையில், ஒரே வகை எழுத்தில் காட்டுவதால், மதிப்பீட்டையும் அளவை என்றே மக்கள் நம்பிவிடுகின்றனர்.

நாளொன்றுக்குப் பத்தாயிரம் காலடி என்னும் இலக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். இஃது ஏதோ மருத்துவ ஆய்வில் பிறந்த எண் என்று கருதுவோர் பலர். உண்மை அதுவன்று. தோக்கியோவில் 1964-ஆம் ஆண்டு ஒலிம்பிக்கு விளையாட்டுகள் நடந்து முடிந்தபின், 1965-இல் சப்பானியக் குழுமம் ஒன்று காலடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அக் கருவிக்கு இட்ட பெயரின் பொருளே ‘பத்தாயிரம் அடி அளவி’ என்பதாகும். விற்பனைக்கு வைத்த பெயர், நாளடைவில் உலகமே தலைவணங்கும் விதியாகிவிட்டது! திரை காட்டும் எண்ணை மட்டும் பார்ப்பவன் அந்த எண்ணுக்கு அடிமையாகிறான். தன் கணக்கு முழுவதையும் கையில் வைத்திருப்பவனோ அதனை ஆய்ந்து, மருத்துவரிடம் காட்டி, தனக்கு எது தக்கது என்று தானே முடிவு செய்கிறான்.

கணக்கைக் குழுமத்தின் திரையில் பார்ப்பது வேறு. கணக்கையே நம் கைக்குக் கொணர்வது வேறு. பிறர் களஞ்சியத்தில் கிடக்கும் நம் நெல்லைச் சாளரத்தின் வழியே எட்டிப் பார்ப்பதும், அந் நெல்லை அளந்து வந்து நம் வீட்டுக் குதிரில் கொட்டுவதும் ஒன்றாகுமோ? இரண்டாவதற்கு வழி செய்யும் அமைப்பையே கணினித் துறையினர் ‘ஏ.பி.ஐ.’ என்னும் மூன்றெழுத்துக் குறுக்கத்தால் வழங்குகின்றனர். நாம் அதனை ‘நிரல்வாயில்’ என்போம். ஒரு கணினியில் உள்ள செய்தியை மற்றொரு கணினியின் நிரல் முறைப்படி கேட்டுப் பெறுவதற்கான வாயில் என்பது பொருள்.

2007-இல் அமெரிக்காவில் தோன்றிய பிட்பிட்டு என்னும் குழுமம் இவ் வாயிலை நன்முறையில் அமைத்துக் காட்டியது. பட்டையை அணிந்தவர் தம் கணக்கினுள் நுழைந்து, எந்த நிரலுக்கு எவ்வெவற்றைத் தரலாம் என்று தனித்தனியே இசைவு தருவார். காலடிக் கணக்கைத் தந்துவிட்டுத் தூக்கக் கணக்கை மறுக்கலாம். கடவுச்சொல்லை நிரலிடம் சொல்லவேண்டுவதில்லை. நிரலுக்குக் கிடைப்பது எட்டு மணி நேரத்தில் தானே செல்லாததாகிவிடும் இசைவுச்சீட்டு மட்டுமே. ஒருவர் கணக்கை மணிக்கு 150 முறை கேட்கலாம் என்பது அவர்கள் வகுத்த வரம்பு. தம் கணக்கைத் தாமே பெறுவதற்கு நிரல் எழுதுவோர், நெஞ்சத் துடிப்பை நொடிக்கணக்கிலும் காலடியை மணித்துளிக் கணக்கிலும் பெறலாம். பிறர்க்கென நிரல் எழுதுவோர் அந்த நுண்கணக்கிற்குத் தனியே வேண்டுகோள் விடுத்தல் வேண்டும். ஒளியும் அசைவும் தந்த மூலக் குறிகளை மட்டும் அவ் வாயில் வழியே அவர்கள் தரவில்லை. குறை இருப்பினும், வாயில் என்றொன்று இருந்தது, அது நல்லதே.

இதனால் என்ன பயன் என்பீரேல், குருதிக் கொதிப்புக்கு மருந்துண்ணும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மருத்துவர் அவரைப் பார்ப்பது திங்களுக்கு ஒருமுறை, அதுவும் சில மணித்துளிகள். மருந்து மாற்றிய நாளுக்கு முன்னும் பின்னும் ஓய்வு வேளையில் அவர் நெஞ்சம் எவ்வாறு துடித்தது, தூக்கம் கெட்டதா, நடை தளர்ந்ததா என்பன அந்தச் சில மணித்துளிகளில் தெரியவாரா. ஆறு திங்களின் கணக்கு ஒரு தாளில் வரையப்பட்டு மருத்துவர் மேசைமேல் இருப்பின், நோயாளி வாய்மறந்து சொல்லாததையும் அது சொல்லும். பட்டை மருத்துவர் ஆகாது. அதன் அளவை பிழைபடுவதும் உண்டு. எனினும் நெடுநாட் கணக்கின் ஏற்ற இறக்கம், ஒருநாள் அளவை சொல்லாத செய்தியைச் சொல்லவல்லது.

ஆனால் இவ் வாயிலின் திறவுகோல் எவர் இடுப்பில் தொங்குகிறது? அங்கேதான் சிக்கல் உள்ளது.

மைக்குரோசாப்டுக் குழுமம் இத்தகைய பட்டை ஒன்றை விற்றது, பின்னர் கைவிட்டது. 2019-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாளோடு அதன் உடல்நலக் கணக்குப் பக்கத்தை மூடியது. அதற்குள் தம் கணக்கை எடுத்துக்கொள்ளாதவர்களின் பதிவுகள் அழிந்தன. பிட்பிட்டுப் பயனர்கள் கணினித் திரையில் விரிவாகத் தம் கணக்கைப் பார்த்துவந்த இணையப் பக்கம் 2024 சூலையில் நிறுத்தப்பட்டது. கூகுளின் ‘பிட்டு’ என்னும் உடல்நல நிரல்வாயிலில் 2024 மே முதல் நாளிலிருந்து புதியவர் எவரும் பதிவு செய்ய இயலாமற் போயிற்று. ஓட்டக்காரரும் மிதிவண்டியினரும் பயன்படுத்தும் இசுட்ராவா என்னும் குழுமம், 2024 நவம்பரில் தன் வாயிலின் விதிகளை இறுக்கி, ஒருவர் கணக்கை அவரைத் தவிரப் பிறர்க்குப் பிற நிரல்கள் காட்டலாகாது என்று வரையறுத்தது. தன் பயிற்சியாளருக்குத் தன் ஓட்டத்தைக் காட்ட விரும்பியவனின் விருப்பம் அங்கே செல்லவில்லை. இவற்றுள் எதற்கும் கணக்குக்கு உரியவரின் இசைவு கேட்கப்படவில்லை. அறிவித்தார்கள்; செய்தார்கள். அருளால் திறந்த வாயில் அருள் தீர்ந்ததும் அடைபடும். அருள் வேறு, உரிமை வேறு!

இதனை ஐரோப்பியர் முன்னரே உணர்ந்துகொண்டனர். பிட்பிட்டை 210 கோடி அமெரிக்கத் தாலருக்கு வாங்கப்போவதாகக் கூகுள் 2019 நவம்பரில் அறிவித்தபோது, ஐரோப்பிய ஆணையம் கண்ணை மூடிக்கொண்டு தலையசைக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் காத்திருக்க வைத்து, 2020 திசம்பர் 17-ஆம் நாள் கட்டுப்பாடுகளோடுதான் இசைந்தது. ஐரோப்பியப் பயனர்களின் உடல்நலக் கணக்கைக் கூகுள் தன் விளம்பரத் தொழிலுக்குப் பயன்படுத்தலாகாது. பயனர் இசைவின்பேரில் பிற நிரல்கள் கணக்கைப் பெறும் நிரல்வாயிலைக் கட்டணமின்றித் திறந்து வைத்தல் வேண்டும். இவை பத்தாண்டுகளுக்குரிய கட்டுப்பாடுகள். 2021 சனவரியில் விற்பனை முடிந்தது. விளம்பரத்துக்குப் பயன்படுத்தோம் என்று மற்றைய நாட்டவர்க்கும் அக் குழுமம் உறுதி சொல்லியிருக்கிறது. ஆயினும் அவர்களுக்குக் கிடைத்தது ஆணையத்தின் முன் எழுதிக்கொடுத்த பிணை. நமக்குக் கிடைத்தது வாய்ச்சொல்.

பத்தாண்டுப் பிணையோடும் அவர்கள் நின்றுவிடவில்லை. தம்மைப் பற்றித் தாம் கொடுத்த செய்திகளைக் கணினி படிக்கத்தக்க வடிவில் பெறவும், வேறு குழுமத்துக்கு மாற்றவும் உரிமை தரும் சட்டம் அங்கே 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. இணையத்தோடு இணைந்த கருவிகள் உண்டாக்கும் தரவுகளை அக் கருவியைப் பயன்படுத்துவோர் கட்டணமின்றி, இயலுமிடத்துத் தொடர்ச்சியாகவும் உடனுக்குடனும் பெறலாம் என்னும் மற்றொரு சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் செயற்பாட்டுக்கு வந்துள்ளது. வாயிலின் திறவுகோலில் ஒன்றைச் சட்டம் மக்கள் கையிலேயே கொடுத்துவிட்டது என்க.

நம் நிலை என்ன? இந்திய ஒன்றிய அரசு 2019-இல் கொணர்ந்த சட்ட வரைவில், தம் தரவைப் பெற்று வேறிடத்துக்கு மாற்றும் உரிமை இருந்தது. அவ் வரைவு 2022-இல் திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அவ்வுரிமையைக் காணோம்! நம் தரவின் ‘சுருக்கத்தை’க் கேட்டுப் பெறலாம் என்பதே எஞ்சியது. மூட்டை நெல்லுக்கு உரியவனிடம் ஒரு கைப்பிடியைக் காட்டி, “இதுதான் உன் நெல்லின் மாதிரி, போய் வா” என்பது போன்றது இது. அச் சட்டத்தின் விதிகளும் 2025 நவம்பரில்தான் வெளியாயின. தலையாய பிரிவுகள் பதினெட்டுத் திங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என்று வகுத்துள்ளனர்.

“வாயில்களைத் திறந்தால் கள்வரும் நுழைவாரே” என்பார் சிலர். அவர்கள் அச்சம் பொருளற்றதன்று. உடற்பட்டைகளிலிருந்து பெற்ற கணக்குகளைத் திரட்டி வைத்திருந்த அமெரிக்க இடைக்குழுமம் ஒன்றின் களஞ்சியம், கடவுச்சொற் காப்புமின்றித் திறந்து கிடந்தது 2021-இல் வெளிப்பட்டது; 6 கோடிக்கு மேற்பட்ட பதிவுகள் அதில் இருந்தன. ஆயின் அதற்கு மருந்து வாயிலை அடைப்பதன்று. வாங்குவோன் பொறுப்பைச் சட்டத்தால் வரையறுப்பதே. மேலும், பூட்டிய களஞ்சியம் பாதுகாப்பானது என்று எவர் சொன்னார்? இசுட்ராவாக் குழுமம் தன் பயனர்களின் ஓட்டத் தடங்களைத் திரட்டி 2017 நவம்பரில் உலக நிலப்படமாக வெளியிட்டது. பாலை நிலங்களில் மறைவாக இருந்த படைத்தளங்களின் எல்லைகளை, அங்கே ஓடிய வீரர்களின் தடங்களே அப் படத்தில் வரைந்து காட்டுவதை 2018 சனவரியில் ஆத்திரேலிய மாணவர் ஒருவர் கண்டுரைத்தார். அங்கே கதவைத் திறந்தவன் கள்வனல்லன்; களஞ்சியக்காரனே! கணக்கு எங்கே செல்லலாம் என்று முடிவு செய்யும் உரிமை அதற்குரியவனிடம் இல்லாதவரை, பூட்டும் காப்பாகாது, திறப்பும் பயனாகாது.

இசைவு என்பது அறிந்து தருவதாக இருத்தல் வேண்டும். புரியாத மொழியில் நீண்டு கிடக்கும் விதிகளின் அடியில் ‘ஒப்புகிறேன்’ என்று விரலால் தொடுவது இசைவாகாது; கைந்நாட்டின் புது வடிவமே அது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நன்மையைச் செய்துள்ளது: இசைவு கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பைத் தருதல் வேண்டும் என்று அது விதித்துள்ளது. அம் மொழிகளுள் தமிழும் ஒன்று. நெஞ்சத் துடிப்பைக் கேட்பவன் நெஞ்சறிந்த மொழியில் கேட்கட்டும். இவ் விதி ஏட்டோடு நில்லாமற் பார்த்துக்கொள்வது நம் கடமை.

செய்யவேண்டுவன மூன்று. பட்டை அணிந்தோர் தம் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறையேனும் இறக்கித் தம் கணினியில் சேர்த்து வைத்தல் வேண்டும். எந்தெந்த நிரல்களுக்கு இசைவு தந்துள்ளோம் என்று பார்த்து, வேண்டாதவற்றை நீக்குதல் வேண்டும். நிரல் எழுதக் கற்ற இளைஞர்கள், காலடி, துடிப்பு, தூக்கம் என்று தமிழிலேயே எடுத்துக்காட்டும் எளிய நிரல்களை எழுதி, தம் பெற்றோர்க்கும் ஊரார்க்கும் கொடுத்தல் வேண்டும். எல்லாரும் கூடி, 2019 வரைவில் இருந்து 2023-இல் மறைந்த உரிமையை மீண்டும் சட்டத்தில் சேர்க்கும்படி கேட்டல் வேண்டும். தேர்தலில் நம்மிடம் வருவோரிடமெல்லாம் கேட்டல் வேண்டும்.

நம் நிலத்தின் அளவைப் பிறன் ஏட்டில் எழுதிவிட்டு நாம் வாளாவிருந்ததுண்டா? உடல் அந்நிலத்தினும் நெருங்கிய உடைமை. அதன் கணக்கை இரந்து பெறும் நிலை நமக்கு வேண்டா. உரிமையாகக் கேட்போம், உரிமையாகவே பெறுவோம்!